டேட்டா பெருகுகிறது, வருமானம் ஏன் பெருகவில்லை? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டா பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது. அதைச் சுமந்து செல்லும் நிறுவனங்களோ கடன், முதலீடு, குறைந்த வருமானம் என்று முறையிட்டுக்கொண்டே இருக்கின்றன. சரக்கு அமோகமாகப் போகும்போது வியாபாரி புலம்புவது விசித்திரம்தான். அந்த விசித்திரத்தைச் சுற்றி எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டேட்டா கூடினால் வருமானமும் கூடத்தானே வேண்டும்?

குரல் அழைப்புக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கான காசு கூடுதலாக வந்தது. குறுஞ்செய்தி அதைவிட நல்ல வியாபாரம். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் அனுப்பப்பட்டது. அழைப்புகளை இணைப்பதற்கென்று ஏற்கெனவே இருந்த சமிக்ஞை வழியில், சும்மா கிடந்த இடத்தில் 160 எழுத்துகளை நுழைத்துவிட்டார்கள். செலவு அநேகமாகப் பூஜ்யம். கட்டணம் மட்டும் செய்திக்குச் செய்தி.

டேட்டா வந்ததும் இந்த இரண்டு வருமானங்களும் அதற்குள் கரைந்துபோயின. 2009-ல் தொடங்கிய வாட்ஸ்அப் போன்ற செயலிகள் செய்தியையும் அழைப்பையும் டேட்டாவோடு டேட்டாவாக அனுப்பத் தொடங்கியபின், அவற்றுக்குத் தனியாகக் காசு வாங்க முடியவில்லை. டேட்டாவோ மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக விற்கப்பட்டது. வாடிக்கையாளர் இரண்டு மடங்கு பயன்படுத்தினாலும் கட்டுகிற தொகை மாறுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளியை ஒரு மணி நேரம் பார்க்கிறீர்கள். பழைய அலைபேசி அழைப்பில் குரலுக்கு ஒரு திசையில் விநாடிக்கு 12.2 கிலோபிட் போதும். அந்தக் காணொளி தின்ற டேட்டாவில், இரு திசையும் சேர்த்து, ஏறக்குறைய 200 மணி நேரம் பேசிவிடலாம். குரலுக்கு வாங்கிய அதே விகிதத்தில் காணொளிக்கும் காசு கேட்டால் யாரும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். எனவே ஒரு ஜிபியின் விலை சரிந்துதான் ஆகவேண்டியிருந்தது. பிரச்சினை சரிவில் இல்லை. ஜிபியை விலையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

அதில் என்ன தப்பு? ஒரு ஜிபிக்கு இவ்வளவு செலவு என்று கணக்கிட முடியாதா?

சராசரி போடலாம். ஆனால் அந்தச் சராசரியை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. அதிகாலை மூன்று மணிக்கு, ஆளரவம் இல்லாத கோபுரத்தில் நீங்கள் இறக்கும் ஒரு ஜிபிக்கு நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கருவி எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதே ஒரு ஜிபியை இரவு ஒன்பது மணிக்கு, ஏற்கெனவே நிரம்பிவிட்ட கோபுரத்தில் இறக்கினால் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் இன்னும் நாலு பேர் சேர்ந்தால் அங்கே புதுக் கருவி பூட்ட வேண்டும், அல்லது பக்கத்தில் இன்னொரு கோபுரம் எழுப்ப வேண்டும்.

மழைநீர் வடிகாலைப் போலத்தான் இதுவும். வருடம் முழுக்க எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது வடிகாலின் அகலத்தைத் தீர்மானிப்பதில்லை. கொட்டித் தீர்க்கும் அந்த ஒரு மணி நேரம்தான் தீர்மானிக்கிறது.

இது தொலைபேசிக்காரர்களுக்குப் புதிய ஞானமும் இல்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், அழைப்புகள் வந்துசேரும் விதத்தைப் பற்றி 1909-லேயே கட்டுரை எழுதினார். நெரிசல் மிகுந்த மணி நேரத்தில் இத்தனை அழைப்புகள் வந்தால் இத்தனை இணைப்புகள் வேண்டும் என்று அவருடைய சூத்திரங்கள் சொல்லிவிடும். குரலுக்கு அவை நூறாண்டுக் காலம் கைகொடுத்தன. டேட்டா அவ்வளவு சாது இல்லை. 1990-களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் ஆய்வு நிறுவனமான பெல்கோரின் ஆய்வாளர்கள் கணினி வலையமைப்புகளை அளந்து பார்த்தபோது, டேட்டா போக்குவரத்து எந்தக் கால அளவில் பார்த்தாலும் கொத்துக் கொத்தாகத்தான் வருகிறது என்று தெரிந்தது. பலருடைய பயன்பாட்டைக் கூட்டிப் பார்த்தாலும் எதிர்பார்த்த அளவுக்கு மேடு பள்ளம் சமமாவதில்லை. அதனால் கூடுதல் இடத்தை எப்போதும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் செலவெல்லாம் தயாராக நிற்பதற்கான செலவு. ரசீது மட்டும் ஜிபியில்.

சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது, நெட் மட்டும் நகரவில்லை. ஏன்?

திரையில் தெரியும் கோடுகள் கோபுரத்தின் ஒலிபரப்பு உங்கள் கைபேசிக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. அந்தக் கோபுரத்தின் அலைக்கற்றையை உங்களோடு எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்பதற்கு ஒரு கோடும் கிடையாது. திருவிழாக் கூட்டத்தில் ஐந்து கோடுகளோடு ஒரு படம்கூட அனுப்ப முடியாமல் நிற்பது இதனால்தான். கோபுரத்தை மற்ற வலையமைப்போடு சேர்க்க ஃபைபர் போகாமல், குறுகலான மைக்ரோவேவ் என்ற கம்பியில்லா இணைப்பு மட்டும் இருந்தாலும் இதே கதிதான்.

சரி, கொள்ளளவைக் கூட்டுவது அவ்வளவு கடினமா? தொழில்நுட்பம்தான் வளர்ந்துகொண்டே இருக்கிறதே?

மூன்றே வழிகள்: கூடுதல் அலைக்கற்றை, இருக்கும் அலைக்கற்றையில் கூடுதல் பிட்டுகளை அடைப்பது, கோபுரங்களை நெருக்கமாக வைப்பது.

இரண்டாவது வழியில் ஒரு சுவர் இருக்கிறது. இவ்வளவு அகலமான அலைவரிசையில், இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே, விநாடிக்கு இத்தனை பிட்டுக்கு மேல் பிழையின்றி அனுப்பவே முடியாது என்று அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948-ல் நிறுவிவிட்டார். ஒரு தனி இணைப்பு என்று பார்த்தால் 4ஜி-யே அந்த எல்லைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது. 5ஜி-யின் பெரிய லாபம் வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரே நிறுவனத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமாக அலைக்கற்றை கிடைப்பது. மற்றொன்று, 64 வழிகள் கொண்ட ஆண்டெனாப் பலகைகள். ஒரே நேரத்தில் பல பேரை நோக்கித் தனித்தனியாகக் கற்றைகளைத் திருப்பி, அதே அலைவரிசையை ஒரே கோபுரத்துக்குள் பல தடவை பயன்படுத்த அவை உதவுகின்றன.

முதல் வழியில் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் வெகுதூரம் போகும், சுவரையும் துளைக்கும். ஆனால் அங்கே இடம் மிகக் குறைவு. 26, 28 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் ஒரு மரத்தின் இலைகளே அலையை மறித்துவிடும்.

மிச்சமிருப்பது கோபுரங்களை நெருக்குவது. அலைபேசி வரலாற்றில் கொள்ளளவைப் பெரிதும் கூட்டிக் கொடுத்தது இந்தச் சலிப்பூட்டும் வேலைதான். இடம் பிடித்து, அனுமதி வாங்கி, மின்சாரம் இழுத்து, ஃபைபர் பதித்து, ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். ஆய்வகக் கண்டுபிடிப்பு எதுவும் பள்ளம் தோண்டும் செலவைக் குறைத்ததில்லை.

அலைக்கற்றைக்கு ஏன் அவ்வளவு பெரிய தொகை கொடுக்கிறார்கள்?

எதிரி வாங்கிவிடுவானோ என்ற பயம்தான் பாதிக் காரணம். 2000-ல் பிரிட்டன் ஐந்து 3ஜி உரிமங்களை ஏலம் விட்டு ஏறத்தாழ 2,250 கோடி பவுண்டு வசூலித்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஏறக்குறைய 5,000 கோடி யூரோ. இவ்வளவு கொட்டிக் கொடுத்தபோது, 3ஜி-யில் மக்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. டேட்டா உண்மையில் பெருகத் தொடங்கியது 2007-ல் ஐபோன் வந்த பிறகு. இடைப்பட்ட ஆண்டுகளில் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், 2021-ல் அமெரிக்காவில் 5ஜி-க்கான சி-பேண்ட் அலைக்கற்றை ஏலம் 8,000 கோடி டாலரைத் தாண்டியது.

ஏலத்தில் கொடுத்த பணம் போனது போனதுதான், அது கட்டணத்தைப் பாதிக்காது என்று பொருளியலாளர்கள் சொல்வார்கள். ஏட்டளவில் சரி. ஆனால் கடன் தலைக்கு மேல் இருக்கும் நிறுவனம் அடுத்த கோபுரத்தைத் தள்ளிப்போடுகிறது. அது வாடிக்கையாளரின் திரையில் சுழலும் வட்டமாகத் தெரிகிறது.

அப்புறம் எப்படி ‘அன்லிமிடெட்’ கொடுக்கிறார்கள்?

வரம்பை அளவிலிருந்து எடுத்து வேகத்தில் வைத்துவிடுகிறார்கள். ஐபோனை அமெரிக்காவில் முதலில் தனியுரிமையாக விற்ற ஏடி அண்ட் டி, நெரிசல் தாங்காமல் 2010 ஜூனில் புதிய வாடிக்கையாளர்களுக்கு அன்லிமிடெட் திட்டத்தை நிறுத்தியது. சில ஆண்டுகளில் அமெரிக்க நிறுவனங்கள் எல்லாமே அன்லிமிடெட்டுக்குத் திரும்பின, ஆனால் சிறிய எழுத்தில் நிபந்தனைகளோடு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், கோபுரம் நிரம்பியிருக்கும் நேரத்தில் நீங்கள் வரிசையில் பின்னால் தள்ளப்படுவீர்கள். பல திட்டங்களில் காணொளியின் துல்லியம் 480 வரிகளுக்கு மேல் ஏறாது.

என்னைக் கேட்டால், வரிசையில் பின்னுக்குத் தள்ளும் ஏற்பாடு ஜிபி கணக்கைவிட நேர்மையானது. நெரிசல் இல்லாத நேரத்தில் யாரையும் அது தொடுவதில்லை. விளம்பரத்தில் அந்த வார்த்தையை அப்படிப் பெரிதாகப் போட்டுக்கொள்வதுதான் உறுத்துகிறது.

இவ்வளவு சுமைக்கும் காணொளிதானே காரணம்? அதைச் சுருக்க முடியாதா?

சுருக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எச்.264, பிறகு எச்.265, அதன் பிறகு ஏவி1 என்று சுருக்கும் முறையின் ஒவ்வொரு தலைமுறையும் அதே தரத்தைக் கணிசமாகக் குறைந்த டேட்டாவில் தருகிறது. ஆனால் மிச்சமான இடம் மிச்சமாக நிற்பதில்லை. காணொளிச் செயலிகள் வலையமைப்பு எவ்வளவு தருகிறதோ அதற்கேற்பத் தரத்தை ஏற்றிக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. பாதையை அகலப்படுத்தினால் படம் துல்லியமாகிறது, பாதை மறுபடி நிறைகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதன் பேரில் நெட்ஃபிளிக்ஸ் அங்கே தன் போக்குவரத்தை ஏறக்குறைய 25 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கால்வாசியை யாருக்கும் வலிக்காமல் வெட்ட முடிந்தது என்றால், அது யாருக்கும் உண்மையில் தேவைப்படாத கால்வாசி.

அப்படியானால் அந்தப் பெரிய இணைய நிறுவனங்கள் செலவில் பங்கு தர வேண்டாமா?

ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதை ‘நியாயமான பங்கு’ என்று பெயரிட்டுக் கேட்டன. 2023-ல் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டது. அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பான பெரெக், அதற்கு முந்தைய ஆண்டே இந்த யோசனையைச் சந்தேகத்தோடு பார்த்திருந்தது.

தென் கொரியாவில் இது நீதிமன்றம் வரை போனது. இணைய இணைப்பு தரும் எஸ்கே பிராட்பேண்டுக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2021-ல் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நெட்ஃபிளிக்ஸுக்கு எதிராக வந்தது, 2023 செப்டம்பரில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. ஆனால் வலையமைப்புக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி நேரலைக் காணொளித் தளமான டிவிட்ச் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டைவிட்டே வெளியேறியது. பெரியவர்களைப் பிடிக்க விரித்த வலையில் அடுத்த நிலையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வதை இது காட்டுகிறது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. காணொளியை யாரும் வாடிக்கையாளர் மீது கொட்டுவதில்லை. அவர் கேட்டு வாங்குகிறார், அதற்காகவே மாதாமாதம் காசு கட்டுகிறார். காணொளி இல்லையென்றால் வேகமான இணைப்பை யார் வாங்குவார்கள்? எதிர்த் தரப்பும் ஒன்றும் செய்யாமல் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் படங்கள் அடங்கிய சர்வர்களை இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறது. நெடுந்தூர இணைப்புகளின் சுமை அதனால் பெருமளவு குறைகிறது. அட்லாண்டிக் கடலுக்கடியில் போகும் மரேயா கேபிள் மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் ஆகியவற்றின் பணத்தில் உருவானது. ஒரு ஸ்பானிஷ் தொலைத்தொடர்பு நிறுவனம் அவர்களோடு கைகோத்தது.

ஆனால் அந்த சர்வருக்கும் கைபேசிக்கும் இடையிலான கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர், அதாவது நெரிசல் மணி நேரத்தில் திணறும் அந்தக் கோபுரம், இன்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலையில்தான். அதை வேறு யாரும் கட்டித் தரப்போவதில்லை.

மின்சாரச் செலவு?

ஒரு வலையமைப்பு செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி கோபுரக் கருவிகளுக்குப் போகிறது. 5ஜி ஒரு பிட்டுக்குக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய கருவிகளை அணைக்காமல் புதியவற்றைக் கூடவே பூட்டினால் மொத்தக் கட்டணம் ஏறத்தான் செய்யும். யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் கருவி தன்பாட்டுக்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், இரவில் சில அலைவரிசைகளைத் தூங்க வைப்பதும் 2ஜி, 3ஜி வலையமைப்புகளை மூடுவதும் இப்போது வேகம் பிடித்திருக்கின்றன.

5ஜி-யில் போட்ட பணம் திரும்பியதா?

எதிர்பார்த்த வழியில் திரும்பவில்லை. தென் கொரியா 2019 ஏப்ரலில் நாடு தழுவிய 5ஜி சேவையைத் தொடங்கியது. அங்கே 28 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை வாங்கிய மூன்று நிறுவனங்களும் போதிய கோபுரங்களை எழுப்பாததால், 2022, 2023 ஆண்டுகளில் அந்த ஒதுக்கீடுகளை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கையில் இருக்கும் கைபேசியில் வேகம் இரட்டிப்பாவதற்காக மட்டும் கூடுதலாகக் காசு கொடுக்கப் பெரும்பாலோர் தயாராக இல்லை.

எதிர்பாராத வழி ஒன்று திறந்தது. வீட்டுக்குக் கம்பி இழுக்காமல் 5ஜி வழியாகவே இணைய இணைப்பு கொடுப்பது. அமெரிக்காவில் டி-மொபைலும் வெரைசனும் பல லட்சம் வீடுகளுக்கு இப்படித் தருகின்றன. வீட்டு இணைப்பு கைபேசியைவிடப் பல மடங்கு டேட்டா தின்னும். ஜிபி கணக்கில் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம் என்றுதான் தோன்றும். ஆனால் டி-மொபைல் எல்லோருக்கும் விற்பதில்லை. எந்தக் கோபுரத்தில், எந்தத் திசையில், நெரிசல் நேரத்திலும் இடம் சும்மா கிடக்கும் என்று பார்த்து, அந்தப் பகுதி வீடுகளுக்கு மட்டும் விற்கிறது. தங்கள் மொழியில் அந்த இடத்தை அவர்கள் தரிசு என்றே சொல்கிறார்கள். தரிசில் விளைவது எதுவாக இருந்தாலும் லாபம்தானே. ஜிபியை மறந்துவிட்டு, காலி இடத்தைப் பார்த்து விற்ற முதல் பெரிய வியாபாரம் இதுதான் என்பது என் கணிப்பு.

வேறு எங்கே வாய்ப்பு இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், மிகக் குறைந்த டேட்டா ஓடும் இடங்களில்தான் நல்ல காசு இருக்கிறது. கென்யாவில் சஃபாரிகாம் 2007-ல் தொடங்கிய எம்-பேசா பணப் பரிமாற்றச் சேவை சாதாரண கைபேசியில், சிம் அட்டைக்குள் இருக்கும் ஒரு சிறு பட்டியல் மூலம் ஓடியது. டேட்டா என்று சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. இன்று அந்த நிறுவனத்தின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு அதனுடையது.

வங்கிகளுக்கு விற்கும் சரிபார்ப்புச் சேவையும் அந்த ரகம். இந்த எண்ணின் சிம் அண்மையில் மாற்றப்பட்டதா என்ற ஒற்றைக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொன்னால் ஒரு மோசடியைத் தடுக்கலாம். அந்தப் பதிலுக்குச் சில பைட்டுகள் போதும். இதுபோன்ற வசதிகளை எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் தரும்படி, அலைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2023-ல் ‘ஓபன் கேட்வே’ என்ற முயற்சியைத் தொடங்கியது. துறைமுகம், சுரங்கம், தொழிற்சாலை ஆகியவற்றுக்குத் தனி வலையமைப்பு அமைத்துக் கொடுப்பதும் வளர்கிறது. தானியங்கிப் பளுதூக்கி நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான் அங்கே காசு.

எதில் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குழாய் மட்டும் வைத்திருந்தால் போதாது, அதில் ஓடுவதும் நமதாக வேண்டும் என்று கிளம்பியவர்கள் உண்டு. வெரைசன் இணையதள நிறுவனங்களான ஏஓஎல்லை 2015-லும் யாஹூவை 2017-லும் வாங்கி, 2021-ல் இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய வாங்கியதில் பாதி விலைக்குக் கைகழுவியது. ஏடி அண்ட் டி 2018-ல் சினிமா, தொலைக்காட்சி நிறுவனமான டைம் வார்னரை வாங்கி, நான்கே ஆண்டுகளில் பிரித்து அனுப்பிவிட்டது. சினிமா எடுப்பது கோபுரம் கட்டுவதைப் போன்ற வேலை இல்லை.

செயற்கைக்கோள் வந்து கோபுரங்களை ஒழித்துவிடுமா?

இல்லை. ஒரு செயற்கைக்கோள் கற்றை விழும் பரப்பு மிகப் பெரியது, அதற்குள் இருக்கும் எல்லோரும் அதே கொள்ளளவைப் பங்கிட வேண்டும். கடல், மலை, பாலைவனத்துக்கு அருமையான தீர்வு. ஆள் நெருக்கமான இடத்தில் அதனால் ஒரு தெருவுக்குக்கூட ஈடுகொடுக்க முடியாது.

இந்த வளர்ச்சி எப்போதாவது நிற்குமா?

வேகம் ஏற்கெனவே தணிந்துவிட்டது. கைபேசி டேட்டா ஆண்டுக்காண்டு கிட்டத்தட்ட இரட்டிப்பான காலம் ஒன்று இருந்தது. அண்மை ஆண்டுகளில் உலக அளவில் அது இருபது சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. ஒருவருக்கு இரண்டு கண்கள், ஒரு நாளுக்கு 24 மணி நேரம். சிறிய திரையில் ஓரளவுக்கு மேல் துல்லியம் கூட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. முதலீடு செய்து களைத்துப்போன நிறுவனங்களுக்கு இது மூச்சுவிட ஒரு இடைவெளி. 2030-ஐ ஒட்டி 6ஜி என்று பேசப்படுவதற்கு அவர்களிடம் உற்சாகம் குறைவாக இருப்பதும் அதனால்தான்.

திசை மாறினால் மட்டும் கணக்கு வேறாகும். இதுவரை சுமை பெரும்பாலும் இறக்கும் பக்கத்தில் இருந்தது. கேமராக்களும், பார்ப்பதையெல்லாம் செயற்கை நுண்ணறிவுக்கு அனுப்பிக் கேள்வி கேட்கும் கருவிகளும் ஏற்றும் பக்கத்தை நிரப்பக்கூடியவை. 3.5 கிகாஹெர்ட்ஸில் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்குபோடுகின்றன. இறக்குவதற்கு மூன்று அல்லது நான்கு பங்கு, ஏற்றுவதற்கு ஒரு பங்கு என்பது வழக்கமான ஏற்பாடு. மென்பொருளில் அதை மாற்றுவது எளிது. ஆனால் ஒரு நிறுவனம் மட்டும் தனியாக மாற்றினால், அதன் கைபேசிகள் பேசும் நேரத்தில் பக்கத்து நிறுவனத்தின் கோபுரம் அலறிக்கொண்டிருக்கும். எல்லோரும் ஒரே தாளத்தில் மாற வேண்டும், அதற்கு முதலில் போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.